பகலுக்கு மலை, ராத்திரிக்கு மேட்டுக்காடு

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் வண்டி எடுத்துக்கொண்டு நாலு நாள் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் மலைக்குத்தான் கிளம்புகிறார்கள். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுவதில் குழந்தைகளுக்குள் போட்டி நடக்கும்: வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. நடுவே கிடக்கும் காய்ந்த நாட்டை, அதன் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டையும் சரளை மேட்டையும் வறண்ட ஓடைகளையும், யாரும் பார்ப்பதில்லை. மலை வரும்போது எழுப்பு என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் தூங்கிவிடுவார்கள்.

வரும் தையில் அண்ணன், அண்ணி, அப்பா, நான் நாலு பேரும் போகிற பயணத்தை நான் வேறு மாதிரி அமைத்திருக்கிறேன். காங்கயத்தில் தொடங்கி, சிவன்மலை, கொடுமணல், சென்னிமலை, பவானி, அந்தியூர் வழியாகப் பர்கூர் மலை ஏறி, கர்நாடகத்துக்குள் கொள்ளேகால் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, தாளவாடி வந்து, திம்பம் இறங்கி, பண்ணாரி, பவானிசாகர், புளியம்பட்டி. மலைகளைப் பகலில் பார்ப்போம். இரவுத் தங்கல் மலைக்காட்டுக்குள் எங்கேயும் கிடையாது. மேட்டுக்காடு என்று நாங்கள் சொல்கிற வறண்ட மேட்டு நிலம், தோட்டம், ஊருக்குள் ஒரு வீடு, இவ்வளவுதான். அந்த மேட்டுக்காட்டுக்கும் மலைக்குக் கொடுக்கிற அளவு நேரம் கொடுத்தாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கொல்லிமலையும் வால்பாறையும் இந்தச் சுற்றில் சேராது. அவற்றுக்குத் தனியாகப் போக வேண்டும்.

அண்ணனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "காங்கயத்துல போயி டென்ட் போட்டு என்னத்தக் கண்ணு பாக்கறது? நாம தெனமும் பாக்கற காடுதான அது."

"தெனமும் பஸ்ஸுல போறப்பதானுங்ணா பாக்கறோம். ராத்திரி ஒரு நாளாச்சும் அங்க படுத்திருக்கறமா?"

அப்பா மட்டும் உடனே சரி என்றார். அவர் சின்ன வயதில் கொறங்காட்டில் ஆடு மேய்த்தவர்.

காட்டுக்குள் கூடாரம் போடுவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் வருகிற படங்களைப் பார்த்துவிட்டு, சத்தியமங்கலம் மலைமேல் இருக்கும் ஆசனூர்ப் பக்கம் ஓடையோரம் டென்ட் போடலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். போடக் கூடாது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அதற்குக் கிழக்கே, அந்தியூர், கோபி வட்டங்களில் இருக்கும் காடு 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அது ஏறக்குறைய 800 சதுர கிலோமீட்டர். ஆக, எங்கள் வழியில் வருகிற மலைக்காடு பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட இடம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுச் சாலையில் கடந்து போகலாம். சாலையை விட்டு இறங்கி உள்ளே நடக்கவோ தங்கவோ வனத்துறை அனுமதி வேண்டும். தீ மூட்டுவது குற்றம்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையேறப் போன இளம் பிள்ளைகள் பலர். காய்ந்த புல் சரிவில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறையே 40 மலையேற்ற வழிகளை முன்பதிவோடு திறந்தது. நடக்க ஆசைப்படுகிறவர்கள் அதில் பதிவு செய்துகொண்டு, வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம். யானை, சிறுத்தை, கரடி எல்லாம் இரவில் தண்ணீருக்கு நடக்கிற தடத்தில் போய் நாம் படுத்துக்கொள்வது அவற்றுக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

மாதத்தைப் பற்றி நாங்கள் நிறைய யோசித்தோம். ஆனி, ஆடியில் மேட்டுக்காட்டில் கூடாரம் நிற்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு அந்தச் சந்து வழியாக வெறும் காற்றாகப் பாய்ந்து வரும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அவ்வளவு காற்றாலைகள் நிற்பது அதனால்தான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். வருடம் முழுவதும் பெய்தாலும் காங்கயம் பக்கம் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்த மழையில் முளைத்த புல் மார்கழி முடிய நிற்கும். மாசி பிறந்துவிட்டால் மலையில் இலை உதிர்ந்து தீக்காலம் தொடங்கிவிடும். ஆகவே தை.

தையிலும் நாள் பார்க்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிக் காங்கயம், தாராபுரம், பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் நடந்து போகும். சிவன்மலையிலும் சென்னிமலையிலும் தேர். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் காரோடு போவது நடந்து போகிறவர்களுக்குத் தொந்தரவு. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1. தை அமாவாசை ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. வானம் பார்க்க அமாவாசையை விட நல்ல நாள் கிடையாது. பொங்கல் வேலைகளும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஞாயிறு இரவு காங்கயம் என்று முடிவு செய்தோம்.

கொறங்காடு என்றால் வெறும் தரிசு என்று நினைக்கிறவர்களுக்கு நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட பட்டா நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளையை ஒடித்து நட்டால் வேர்பிடித்துவிடும் என்பதால் அந்த வேலிக்குச் செலவு கிடையாது, உயிரோடு வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். வேலியில் கதவாக ஒரு படல். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாடுகளை மாற்றுவார்கள், மேய்ந்த காடு மறுபடி தழையும். கோடையில் புல் கருகினாலும் வெள்வேலங்காய் உதிரும், அதை ஆடும் மாடும் தின்னும். மரத்தின் நிழலில் ஈரம் கொஞ்சம் தங்கும், சாணமும் புழுக்கையும் அங்கேயே விழும். உழவில்லை, பாசனமில்லை, உரமில்லை. இவ்வளவு குறைந்த மழையில் இந்த மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று நன்றாக யோசித்த யாரோ செய்த ஏற்பாடு. காங்கயம் மாடு இந்தப் புல்லில் உருவான மாடு. கன்று செந்நிறத்தில் பிறந்து ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்திருக்கும்.

இப்போது அந்தக் காடுகள் வீட்டுமனையாகவும் சோலார் தகடு வைக்கும் இடமாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. விற்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது, மாடு வைத்துப் பிழைப்பது கஷ்டம். ஆனால் மலைக்காட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில் ஒரு பங்காவது இந்தப் புல்வெளிக்கும் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமே வரும். வந்து ஓர் இரவு தங்கிப் பார்த்தவர்கள் இதைத் தரிசு என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, தங்குவது எப்படி? எல்லாக் கொறங்காட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. படலைத் திறந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. பக்கத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், போய்க் கேட்க வேண்டும், அதுவும் பொழுது இருக்கும்போதே. நாங்கள் போன மாதமே போய்க் கேட்டு வந்துவிட்டோம். அண்ணன்தான் பேசினார்.

"ஏனுங்க, உங்க காட்டோரத்துல ஒரு ராத்திரிக்கு டென்ட் போட்டுக்கலாமுங்களா? குடும்பமாத்தானுங்க வாறோம்."

"அதுக்கென்னங்க, போட்டுக்குங்க. தொட்டியில தண்ணி இருக்குதுங்க. நெருப்பு மட்டும் வேண்டாமுங்க, புல்லு காஞ்சு கெடக்குது. போறப்ப படல சாத்திட்டுப் போங்க."

அந்த மூன்று பேச்சும் எங்களுக்கு விதி. படல் திறந்து கிடந்தால் அவர் மாடு ரோட்டுக்குப் போய்விடும். நெருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிருக்குத் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது கூடாரப் பயணத்தின் பாதி இன்பம் என்று நினைக்கிறவர்கள் இதை விட்டுத்தான் ஆக வேண்டும். நாங்கள் சின்னக் கேஸ் அடுப்பு ஒன்று எடுத்துப்போகிறோம். அதையும் சாளை வாசலில், சாணம் மெழுகிய தரையில் வைத்துத்தான் பற்றவைப்போம். சமையல் அரிசியும் பருப்பும். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, ரெண்டு தேங்காய்ப் பல். எல்லாம் ஒரே குக்கரில். மேலே நெய். வெளியூர்ப் பயணத்துக்கு இதைவிட வசதியான சாப்பாடு எனக்குத் தெரியாது. காலையில் கம்மங்கூழும் மோரும். சாளைக்காரர் வீட்டுக்குச் சும்மா போகக் கூடாது என்று அண்ணி ஒரு சீப்பு வாழைப்பழமும் முறுக்கும் கட்டிவைக்கிறார்.

பாம்பைப் பற்றியும் தெரிந்துகொண்டு போக வேண்டும். பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, இது அவற்றின் இடம். கல்லும் சரளையுமான காட்டில் சுருட்டை விரியன் இருக்கும். வேலியோரம் கண்ணாடி விரியன். கட்டு விரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே தீண்டிவிடும், பல நேரம் வலிகூடத் தெரியாது. அதனால் கீழே தையல் பிரியாத தரைத்துணி உள்ள கூடாரம், ஜிப் எப்போதும் மூடி, செருப்பும் ஷூவும் உள்ளே. வேலியை ஒட்டியோ கற்குவியல் பக்கத்திலோ இடம் பிடிக்கக் கூடாது. எழுந்து போனால் டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேராக அரசு மருத்துவமனை. இந்த மூன்றோடு நல்ல பாம்பையும் சேர்த்து, நாம் பயப்படுகிற நாலு பாம்புக்கும் ஒரே மருந்துதான். காங்கயம், அந்தியூர், சத்தியமங்கலம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை இருப்பதைப் பார்த்துத்தான் வழியைப் போட்டேன்.

இரவில் அங்கே என்ன பார்ப்பது என்று அண்ணன் கேட்டதற்குப் பதில் வானம். மேற்கே திருப்பூர் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாகத் தெரியும். மற்றபடி இருட்டு. தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். கிழக்கே திருவாதிரை செம்மையாக, அதற்குக் கீழே மிருகவியாதன் என்கிற சிரியஸ். தெற்கே அகத்திய நட்சத்திரம். வட இந்தியாவில் அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். நமக்குப் பத்து மணிக்கு மேல் நன்றாக மேலே வந்து நிற்கும். இந்த முறை இன்னொரு கொடுப்பினையும் இருக்கிறது. வியாழன் ஜனவரி 10 அன்று பூமிக்கு அந்தப் பக்கம், சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. மிதுன ராசியில் இருந்துகொண்டு இரவு முழுக்க வெளிச்சமாகத் தெரியும். பறவை பார்க்கிற சாதாரண பைனாகுலரைக் கை ஆடாமல் எதன் மேலாவது வைத்துப் பார்த்தால் வியாழனின் பெரிய நிலவுகள் நாலும் புள்ளிகளாகத் தெரியும், சில நேரம் ஒன்றிரண்டு மறைந்திருக்கும். விடியற்காலையில் எழுப்பிவிடும் வேலையை மயில்கள் பார்த்துக்கொள்ளும். காங்கயம் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை.

கல்லைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டாரம் பெரிய புத்தகம். திருப்பூரிலிருந்து காங்கயம் போகிற வழியில் இருக்கும் படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்நீல நிறப் பெரில் கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சிவன்மலை சுற்றிலும் சாதாரணக் கருங்கல் கிடையாது. நெஃபலின் சயனைட் என்கிற, குவார்ட்ஸ் இல்லாத அபூர்வப் பாறை, அதனோடு குருந்தக்கல். ஓடைக்கரை வெட்டில் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளையாகச் சுக்கான்கல் அடுக்கு தெரியும். மழை அரித்த பள்ளங்களில் நடந்தால் படிகக் கற்கள் காலில் இடறும்.

சிவன்மலையில் முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, பூப்போட்டுக் கேட்டுச் சம்மதம் கிடைத்தால், அதில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது இருக்கும். போகிற நேரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இறங்க மாட்டார்கள்.

அங்கிருந்து கொடுமணல். நொய்யல் கரையில் சின்ன ஊர். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் பெரில், படிகம், சூதுபவளம் எல்லாம் தீட்டி மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகளும் அகழாய்வில் கிடைத்த இடம். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து கரூருக்குப் போன வணிகப் பாதை இந்த வழி. ஊருக்கு வெளியே பெருங்கற்காலப் புதைகுழிகளின் கற்களைப் பார்க்கலாம். முந்தின இரவு நாம் படுத்திருந்த மண்ணில் கிடக்கிற அதே கற்கள்தான் இங்கே மணியாகிக் கப்பல் ஏறியிருக்கின்றன. படியூர், சிவன்மலை, கொடுமணல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்ததற்குக் காரணம் இது. தரையில் எதையும் பொறுக்கக் கூடாது, ஓடு ஆனாலும் மணி ஆனாலும்.

சென்னிமலையில் போர்வை வாங்குவோம். கைத்தறிப் போர்வை, கூடாரக் குளிருக்குப் போதும். பவானியில் ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தைக் கூடாரத்துக்குள் விரித்தால் அடியில் சரளை உறுத்தாது. வெளிநாட்டுத் தூக்கப்பைக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட ஆகாது, நெய்கிறவருக்கும் போய்ச் சேரும். காங்கயம் இரவுக்கு வீட்டில் இருக்கும் பழைய போர்வையும் விரிப்பும். சென்னிமலைக்குக் கீழே கீழ்பவானி வாய்க்காலைக் கடக்கிறோம். தையில் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். அந்தப் பாலத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், காரணம் பவானிசாகரில் வரும். பவானியில் ஆறுகள் சேர்கிற கூடுதுறையில் தை அமாவாசைக்குத் தர்ப்பணக் கூட்டம் நெரியும். நாங்கள் திங்கள்கிழமை போவதால் சங்கமேஸ்வரரை நிதானமாகப் பார்க்கலாம். அன்று இரவு அந்தியூரில் சித்தி தோட்டம்.

அந்தியூரிலேயே பெட்ரோல் நிரப்பி, குடிதண்ணீர் கேனும் நிரப்பிக்கொள்வோம். மலையில் போன் சிக்னல் வந்து வந்து போகும். எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று சித்தியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். அடிவாரத்தில் வரட்டுப்பள்ளம் அணை. மாலையில் யானைகள் தண்ணீருக்கு இறங்குகிற இடம். அதனால்தான் நாங்கள் காலையில் கடக்கிறோம்.

பர்கூர் மலைக்கு நான் முக்கியமாகப் போவது மாட்டைப் பார்க்க. காங்கயம் மாட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரி தூரத்தில், ஒரு மலை ஏறினால் முற்றிலும் வேறு மாடு. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டுகள். உடல் சிறியது, கால் வேகமானது, புது ஆளைக் கண்டால் முறைக்கும். காட்டுக்குள் பட்டி போட்டு, பகலில் மேய விட்டு, இரவில் பட்டியில் அடைத்து வளர்ப்பது வழக்கம். கீழே கிளுவை வேலிக்குள் மேய்கிற மாடு, மேலே வேலியே இல்லாத காட்டில் மேய்கிற மாடு. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதற்காகவே பயணத்தைக் காங்கயத்தில் தொடங்கினேன். பர்கூர் இனத்துக்கென்று அரசு ஆராய்ச்சி நிலையமும் மலையில் இருக்கிறது.

ஆனால் அந்த மேய்ச்சல் இப்போது சிக்கலில் இருக்கிறது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. இரண்டு வருடம் கழித்து இந்தக் காடே சரணாலயம் ஆனது. யானைகள் சத்தியமங்கலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கும் காவிரிக் கரைக்கும் நடக்க இந்தக் காடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது உண்மை. பட்டி இல்லாமல் பர்கூர் மாடு பிழைக்காது என்பதும் உண்மை. சோளகர், லிங்காயத்து மக்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். மாட்டையும் காப்பாற்றி யானைக்கும் வழிவிடுகிற ஏற்பாடு அவர்களைக் கலந்து பேசினால்தான் வரும் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் தாமரைக்கரையில் ஒரு டீ குடித்து, யாராவது பேசினால் பேசிவிட்டு வருவோம். பட்டிக்குள் அழைக்காமல் போக மாட்டோம், மாட்டை வைத்துப் படம் எடுக்கக் கேட்காமல் எடுக்க மாட்டோம்.

கர்நாடகப் பக்கம் அதிகம் நிற்கப்போவதில்லை. ராமாபுரம், ஹனூர் தாண்டி ஒடையர்பாளையத்தில் 1970-களில் குடியமர்ந்த திபெத்தியர்களின் ஊர் இருக்கிறது. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே புத்த மடாலயங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே மோமோ. அப்புறம் கொள்ளேகால், சாமராஜநகர், பொழுதோட தாளவாடி.

தாளவாடியில் கூடாரம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குளிரும் காற்றும் அருமையாக இருக்கும், ராகியும் கோசும் வாழையும் கரும்புமாகப் பச்சையாக இருக்கும், ஆசை வரத்தான் செய்யும். அந்தக் கரும்புக்கும் வாழைக்கும் இரவில் யானை வருகிறது. விவசாயிகள் ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறார்கள். அவர்கள் பட்டாசு வெடித்து யானையை விரட்டுகிற இடத்துக்கு நடுவில் நாம் துணிக்கூரைக்குள் படுத்திருந்தால் அவர்களுக்கும் கூடுதல் கவலை. ஊருக்குள் அண்ணனின் நண்பர் வீட்டு மச்சில் படுக்கை.

திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துத் தடை. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவு 9 முதல் காலை 6 வரை நம் வண்டி போக முடியாது. சரக்கு லாரிகளுக்குத் தடை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். இரவில் அடிபட்டுச் செத்த சிறுத்தைகளையும் மான்களையும் நினைத்தால் இது எப்போதோ வந்திருக்க வேண்டிய தடை. காரப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பதைப் பார்க்க நேரலாம். லாரிக்காரர்கள் கரும்பை எறிந்து பழக்கியதால் வந்த நிலைமை. யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஆரன் அடிக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, அது போகும்வரை இருக்க வேண்டும். இறங்கிப் படம் எடுக்கவே கூடாது. 27 வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு நிற்க வேண்டும். நீளமான லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டால் நேரம் போவது தெரியாமல் போகும், அதனால் அன்றைக்கு வேறு அவசரம் எதுவும் வைக்கவில்லை. கீழே பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு.

மேலே ஒரு வளைவில் நின்று பார்த்தால் கீழே காய்ந்த காடும் அதற்கு நடுவே பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். மாயாறு பவானியில் சேர்கிற இடத்தில் 1948-இல் தொடங்கி 1955-இல் முடித்த அணை. 105 அடி. மண்ணால் கட்டிய கரை 8 கிலோமீட்டருக்கு நீளும். சென்னிமலைக்குக் கீழே நாங்கள் நின்று பார்க்கப்போகிற வாய்க்கால் இங்கேதான் தொடங்குகிறது. சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கோடையில் நீர்மட்டம் மிகவும் இறங்கினால் மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். தையில் அதற்கு வாய்ப்பில்லை.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரகடா என்ற ஊர். பவானிசாகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் காட்டுப் பாதை, கடைசியில் பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். இந்தப் பயணத்திலேயே மலையும் வறண்ட நிலமும் மிக நெருங்கிச் சந்திக்கிற இடம் அதுதான். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சுவர், அடியில் முள்காடும் வெளிமான் மேய்கிற புல்லும், ஆற்றோரம் நீர்மருது. அந்த மருத மரங்களில் வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்கிற வலிமருந்து ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பள்ளத்தாக்குதான் புகலிடம். அங்கே அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போக முடியாது. எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் அனுமதிக்கு அலையப் போவதில்லை. கூடு கட்டுகிற காலம் அது. அணைக்கு மேலே வானத்தில் ஒரு பாறு வட்டமடித்தால் போதும், பைனாகுலர் கையில் இருக்கும்.

கடைசி இரவுக்குப் புளியம்பட்டிக்கு வெளியே அத்தை தோட்டத்துக் களத்துமேட்டில் கூடாரம். வியாழக்கிழமை புளியம்பட்டியில் மாட்டுச்சந்தை. அப்பா உடனே சரி என்றதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் மற்ற நாள்களை எல்லாம் அந்த வியாழனிலிருந்து பின்னோக்கி வைத்தேன். புதன் காலை வெயில் ஏறும் முன் திம்பம் இறங்க வேண்டும், செவ்வாய் பர்கூர் ஏற வேண்டும், திங்கள் பவானி. சந்தை முடிந்து கொடிவேரியில் குளியலும் மீன் வறுவலும், கோபி வழியாக வீடு. அண்ணன் இப்போது சாளைக்காரருக்குப் போன் போட்டு, ஞாயிறு மாலை நாலு மணிக்குள் வந்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.